முறையைத் தேடும் முன் லைனில் போய் நில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் சட்டை ஃபேக்டரியின் தையல் லைனைச் சீராக்க லீன் (வீண் வேலையைக் குறைப்பது) முறையா, சிக்ஸ் சிக்மா (புள்ளிவிவரம் வைத்துக் குறைகளைக் குறைப்பது) முறையா, கைசன் (வேலை செய்கிறவர்களே சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போவது) முறையா, ஏதாவது ஒன்றை எழுதிக் கொடு என்று மேலே கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பதில் எழுதுவதை இரண்டு நாள் தள்ளிப்போடு. முதலில் லைனில் என்ன நோவு என்று பார். பீஸ் தேங்குகிறதா, ஆல்டர் (குறை இருந்து திருப்பித் தைக்க வேண்டிய பீஸ்) குவிகிறதா, ஸ்டைல் மாறும்போதெல்லாம் லைன் படுத்துவிடுகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

பெரும்பாலும் தேக்கம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார். இடைவேளை போக 480 நிமிடம், 480 சட்டை வேண்டும். ஆக நிமிடத்துக்கு ஒன்று. காலர் வைக்கிறவருக்கு ஒரு பீஸுக்கு 75 விநாடி ஆகிறதென்றால், மற்ற எல்லோரும் பறந்து பறந்து தைத்தாலும் 384-க்கு மேல் வராது. இடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் 5எஸ் பலகையைச் சுவரெல்லாம் மாட்டினாலும் அதே 384தான். உடனே வேகமான மெஷின் கேட்காதே. அவர் பக்கத்தில் நின்று கவனி. ஊசி ஓடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பண்டிலை (பீஸ்களைச் சேர்த்துக் கட்டிய கட்டை) அவிழ்ப்பதிலும், நாட்ச் (துணி ஓரத்தில் வெட்டிய அடையாளம்) பொருத்துவதிலும், பீஸைத் திருப்புவதிலும், நூல் நறுக்குவதிலும் போகிறது. அதில் 15 விநாடி வேலையை, லைனில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து 45 விநாடியில் தன் வேலையை முடிக்கிற டெய்லரிடம் மாற்றிவிட்டால் இருவருக்கும் 60. கணக்கு சரியாகிவிட்டது!

அப்புறம் பண்டில். லைன் கடைசியில் செக்கிங்கில் தையல் விடுபட்டது தெரியும்போது, அதே குறையோடு எத்தனை பண்டில் நடுவில் நிற்கும் என்று யோசி. பண்டிலைச் சிறிதாக்கினால் ஆல்டரும் குறையும். லீனில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

சிக்ஸ் சிக்மா 1986-இல் மோட்டரோலாவில் பிறந்தது. ஒரே வேலை மாதக்கணக்கில் மாறாமல் ஓடுகிற இடத்துக்கு அது பொருந்தும். உங்களுக்கோ புள்ளிவிவரம் சேர்ந்து முடிவதற்குள் ஸ்டைலே போய்விடும். காலர் விறைப்பாக நிற்க உள்துணி ஒட்டுகிற ஃப்யூசிங்கின் சூடு, அழுத்தம், நேரம், வாஷிங்கில் துணி சுருங்குவது இவற்றுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

ஸ்டைல் மாற்றத்துக்கு ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ சொன்ன வழி போதும்: பழைய ஸ்டைல் ஓடும்போதே அடுத்ததற்கான ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் மெஷின் பாகம்), ஊசி, நூல், சாம்பிள் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

கைசன் நல்லதுதான், ஆனால் அங்கே ஒரு வம்பு உண்டு. பீஸ் ரேட்டில் வேலை செய்கிற டெய்லர் சுலபமான வழி ஒன்றைக் காட்டுகிறார், அடுத்த மாதமே ரேட்டைக் குறைக்கிறார்கள் என்று வை. அதற்கப்புறம் அந்த லைனில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். அதனால் ரேட்டில் கை வைக்க மாட்டோம் என்று மேலே இருப்பவர்களிடம் முதலில் எழுதி வாங்கிக்கொள். வாங்க முடியவில்லையா, கைசன் பேச்சையே எடுக்காதே.

நாளைக்கு ஸ்டாப்வாட்சோடு போனால், எதற்கு அளக்கிறாய் என்று டெய்லர்களிடம் சொல்லிவிட்டு அளம்மா. காலர் லைன் நேரங்களை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா