உன் கை அவளுக்கு வேண்டும்

அன்புள்ள கதிர்,

நேற்று போனில் நித்யா, "இடுப்பு இப்பவே கழன்றுவிடும் போல இருக்கு அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். சம்பந்தியம்மாவால் இந்த முழங்காலோடு மான்செஸ்டர் வர முடியாது, எனக்கும் விசா கிடைக்கவில்லை. அவளுக்கு அம்மாவும் அத்தையும் இப்போது நீதான். பிரசவ வலியில் அவள் இடுப்பை எப்படி அழுத்திவிடுவது என்று போனில் சொன்னால் மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ பிறந்தபோது என்னோடு யாரையும் உள்ளே விடவில்லை. வலி முழுக்க முதுகுப் பக்கம். வார்டு துடைக்க வந்த ஆயாம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் பின்னிடுப்பில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினார். வலி போய்விடவில்லை, ஆனால் மூச்சு விட முடிந்தது. நாலு தடவைதான். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் நானும் நர்ஸாகி, பிள்ளை வலியில் கத்திய பெண்களின் அம்மாக்களை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அதுதான் விதி என்றார்கள். அரசு மருத்துவமனைகளில் சொந்தக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2004இல்தான் ஏற்பாடு வந்தது. உங்கள் மான்செஸ்டரில் கணவனையே உள்ளே விடுகிறார்கள். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்காதே.

நித்யாவின் பின்னிடுப்பில் இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும். அவற்றுக்கு நடுவில், கொஞ்சம் கீழே, தட்டையான எலும்பு இருக்கிறது. குழந்தையின் பின்னந்தலை அந்த எலும்பை நெருக்கினால் முதுகு உடைகிற மாதிரி வலிக்கலாம். அவள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தில் தலையணை வைத்து முன்னால் சாயட்டும். வலி ஏறத் தொடங்கியதும் உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த இடத்தில் ஊன்று. தேய்க்க வேண்டாம், அழுத்து. கட்டைவிரலால் அழுத்தினால் அரை மணியில் விரல் செத்துவிடும். கையை நேராக வைத்து உடம்பு பாரத்தைக் கொடு. வலி ஏற ஏற அழுத்தமும் ஏறட்டும், இறங்கும்போது மெதுவாக விடு. நீ நினைப்பதைவிட அதிக பலம் கேட்பாள், கேட்டுக் கேட்டுச் செய். இரண்டு வலிக்கு நடுவில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு, தோளிலிருந்து கை வரைக்கும் நீவிவிட்டால் போதும்.

இது வெறும் ஆறுதலுக்குச் செய்வதில்லை. வலி மூளைக்குப் போகிற வழியில், தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பது போல என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் விளக்கினார்கள். அழுத்தும் உணர்வும் அதே வாசலில் நுழைவதால் வலிக்கு வழி குறுகிவிடும். உலக சுகாதார நிறுவனமும் 2018இல், பிரசவ வலியைக் குறைக்க மசாஜும் சூடான ஒத்தடமும் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது.

ஆனால் வயிற்றை மட்டும் யாரும் பிசையவோ அமுக்கவோ கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்காமல் உடனே பிரசவம் பார்க்கும் மிட்வைஃபிடம் சொல். வலி குறைய மூச்சில் இழுக்கும் கேஸோ, முதுகில் போடும் ஊசியோ அவள் கேட்டால் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிவிடாதே. உன் கையும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். கடைசி நேரத்தில் "தொடாதே" என்று கையைத் தட்டிவிடுவாள். அப்போது கோபப்படாமல் கையை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இரு.

கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும் முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் நீயும் வேளைக்குச் சாப்பிடு. இன்றைக்கே அவளிடம் கேட்டு அழுத்திப் பழகு, "இன்னும் கொஞ்சம் கீழே" என்பாள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். கல் வைத்த மோதிரம் முதுகில் குத்தும், வலி எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடு.

அன்புடன்
அம்மா