டாக்டர் சாந்தா அம்மாவுக்கு ஒரு நர்ஸ் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சுகர், பிரஷர் பார்ப்பதும், முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்வதும் என் வேலை. ஆபீஸ் கணக்கில் என்.சி.டி. (தொற்றா நோய்) சிஸ்டர், ஊரில் சுகர் சிஸ்டர். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் டாக்டரான உங்களை நேரில் பார்த்ததில்லை. 2021 ஜனவரி 19ஆம் தேதி நீங்கள் காலமான செய்தி வந்தபோது, நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஓட்டத்தில் உங்களைப் பற்றி உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக்கூட எங்களுக்கு நேரமில்லை. அது மனதில் ஒரு கடன் போலவே இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களைப் பற்றி யார் பேசினாலும் தியாகம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார், தனக்கென்று எதுவும் சேர்க்கவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் உங்களைத் தியாகி ஆக்கிக் கும்பிட்டுவிட்டால் எங்கள் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடுகிறது. சாமி மாதிரி நம்மால் இருக்க முடியுமா என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நான் உங்களைப் பார்த்து நடக்க ஆசைப்படுவது நீங்கள் வேலை செய்த விதத்தைப் பார்த்துத்தான். அதில் கொஞ்சமாவது என்னைப் போன்றவளாலும் செய்ய முடியும்.

1955இல் உங்களுக்கு 28 வயது. சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., அப்புறம் மகப்பேறு மருத்துவத்தில் டி.ஜி.ஓ. டிப்ளமோ, அதற்கும் மேல் அதே துறையில் எம்.டி. சர்வீஸ் கமிஷன் தேர்விலும் தேறி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் அரசு வேலை கைக்கு வந்திருந்தது. அன்றைக்கு ஒரு பெண் டாக்டருக்கு அதைவிட நல்ல இடம் எது? அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடையாறுக்குப் போனீர்கள். அங்கே இருந்தது முந்தைய வருஷம் திறந்த 12 படுக்கை ஆஸ்பத்திரி. கேன்சர் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனியாக ஒரு ஆஸ்பத்திரி என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. முதல் மூன்று வருஷம் சம்பளமில்லாத கௌரவ வேலை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும் தந்தார்கள்.

சி.வி. ராமன் உங்கள் தாத்தாவின் தம்பி, சந்திரசேகர் உங்கள் தாய்மாமன், ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல் பரிசு என்பதை எழுதாதவர்கள் இல்லை. சரி, பெருமைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது உங்களுக்கும் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவுக்கும் இருந்த தொடர்பு. புதுக்கோட்டையில் பிறந்து, பையன்கள் மட்டுமே படித்த கல்லூரியில் இடம் பிடித்து, 1912இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1927இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் போய், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். 1923இல் உடன்பிறந்த சகோதரியைக் கேன்சருக்குப் பறிகொடுத்தார். அந்த நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்ற எண்ணத்தை அதற்குப் பிறகு அவர் விடவே இல்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954இல் ஆஸ்பத்திரி திறந்தபோது முப்பது வருஷம் ஓடிவிட்டிருந்தது, அவரும் எழுபதை நெருங்கிவிட்டார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் நீங்களும்தான் அதைத் தோளில் ஏற்றுக்கொண்டீர்கள். ஒரு பெண் முப்பது வருஷம் விடாமல் முயன்று தொடங்கியதை, இன்னொரு பெண் அறுபது வருஷத்துக்கு மேல் விடாமல் நடத்தியிருக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் முத்துலட்சுமி அம்மா பெயரைச் சொல்லாத நாளே கிடையாது. மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அரசு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. “முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா சிஸ்டர்?” என்று கர்ப்பிணிகள் பேங்க் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய், அவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. யார் அந்த முத்துலட்சுமி என்று கேட்டால் தெரியாது. கூட்டம் குறைவான நாளில் நான் சொல்வேன். ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “அவங்களைப் படிக்க வெச்சது யாரு?” என்றாள். அப்பா என்றேன். மடியில் இருந்ததும் பெண் குழந்தைதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் பற்றிய பாராட்டுகளில் அதிகம் வராத ஒன்று, 1981இல் உங்கள் இன்ஸ்டிடியூட்டில் தொடங்கிய சென்னைப் பெருநகரக் கேன்சர் பதிவேடு. பத்ம விருதுகளையும் 2005இல் வந்த மகசேசே விருதையும் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. பதிவேடு என்றதும் ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். ரெஜிஸ்டர் எழுதியே கை தேய்ந்த எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கேன்சர் நோயாளிகளின் விவரத்தை ஆஸ்பத்திரிகள் தாமாக அனுப்பட்டும் என்று காத்திருந்தால் ஒரு காலத்திலும் கணக்கு வந்து சேராது. அதனால் உங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டி, பெயர், வயது, முகவரி, உடம்பில் எந்த இடம் என்று எழுதினார்கள். இறப்புப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆள் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இரண்டு ஆளாகக் கணக்கில் ஏறக்கூடாது, அதையும் சரிபார்க்க வேண்டும். ஒரு வருஷம் செய்து முடித்துவிடும் வேலை இல்லை. வருஷா வருஷம் செய்தால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

அப்படிச் சேர்த்த கணக்கில்தான் தெரிந்தது, எண்பதுகளில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய் கேன்சர் என்று. அது மெல்லக் குறைந்து வர, மார்பகக் கேன்சர் மேலே ஏறியதும் அதில்தான் தெரிந்தது. இன்று என் மேசைக்கு வரும் பெண்ணிடம் நான் பார்ப்பது அந்த இரண்டு இடங்களைத்தான். சென்னையில் யாரோ ஒருவர் கேஸ் ஷீட் புரட்டி எழுதியதற்கும், செங்கம் பக்கத்து ஊரில் நான் கையுறை மாட்டுவதற்கும் இருக்கிற தொடர்பு இது. 1984இல் கேன்சர் மருத்துவத்துக்கென்றே தனி மேற்படிப்பை நாட்டில் முதலில் உங்கள் இடத்தில் தொடங்கியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். உங்கள் கையோடு எதுவும் நின்றுவிடக்கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள்.

எங்கள் பரிசோதனை ரொம்பச் சாதாரணமானது. வினிகரில் இருக்கிற அசிட்டிக் ஆசிட்டை ஐந்து சதவீத அளவில் கலந்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்து எடுப்போம். ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பார்ப்பதற்கு மெடிக்கல் காலேஜுக்கு எழுதுவோம். கஷ்டமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான். சுகர் பார்க்கக் கையை நீட்டும் பெண், இதற்கு என்றால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவாள். “எனக்கு இன்னா இருக்குது, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பாள். வெள்ளைப்படுதல் இருக்கிறதா என்று கேட்டால் வாசலில் மாமியார் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். நான் முதலில் கதவைச் சாத்துவேன், ஸ்கிரீனை இழுத்துவிடுவேன், அப்புறம் பேசுவேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இப்போது ரிடையராகிவிட்ட எங்கள் கிராம சுகாதார செவிலியர். அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். “கதவு சாத்துற சத்தம் கேட்டாதான் பொம்பளைக்கு வாய் திறக்கும்” என்பார். உங்களுக்கு அடுத்து நான் முன்மாதிரியாக நினைப்பது அந்த அக்காவைத்தான்.

போன மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடை சமயத்தில், நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன். “மல்லாட்டை பிடுங்கி முடிச்சிட்டுப் போறேன் சிஸ்டர்” என்றார். முடித்தார், போகவில்லை. எழுதிக் கொடுத்தவர்களில் யார் போனார்கள், யார் போகவில்லை என்பதற்கு நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஏற்றுவது வேறு, இது எனக்கான கணக்கு. அதில் அவர் பெயருக்கு எதிரில் இடம் காலியாகவே இருந்தது. ரிடையரானவராக இருந்தாலும் அக்காவைத்தான் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனோம். களத்தில் காய் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் கட்டிலை எடுத்துப் போட்டார். அக்கா நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காய் என்ன விலை போகிறது, மூட்டை எத்தனை தேறும் என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “திங்கக்கிழமை நானும் டவுனுக்குப் போறேன், காலையில ஏழு மணி பஸ்ஸு, இவளையும் கூட்டிட்டுப் போறேன்” என்று முடித்துவிட்டார். வீட்டுக்காரர் தலையாட்டினார். கேன்சருக்கு முந்தைய மாற்றம்தான், சிகிச்சை முடிந்து அந்த அம்மா அடுத்த உழவுக்கு நிலத்தில் நின்றார். காலியாக இருந்த இடத்தில் தேதி எழுதினேன்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சிலருக்குக் கட்டி வளர்ந்த பிறகுதான் தெரிகிறது. காஞ்சிபுரம் காரைப்பேட்டை அரசு கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ உங்கள் அடையாறுக்கோ எழுதிக் கொடுக்கிறார்கள். அடையாறு என்று சீட்டில் பார்த்ததும் அழுகிறவர்கள் உண்டு. அப்போது உங்களைப் பற்றிச் சொல்வேன். கேன்சர் என்றாலே முடிந்தது என்று ஊரே நம்பிய காலத்திலும் நீங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்வேன். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும் என்று வாழ்நாள் முழுக்க நீங்கள் சொன்னதைத்தான் நானும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ அங்கே பார்ப்பார்கள் என்று சொன்னால் பாதி அழுகை நின்றுவிடும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும், அம்மா. உங்களைப் போல ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க என்னால் முடியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள், சாயந்திரம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் சிஸ்டர்கள் நிரந்தரம் கேட்கும்போது, சாந்தா அம்மா 200 ரூபாய்க்கு வேலை செய்யவில்லையா என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். நீங்களாக விரும்பி எடுத்த முடிவு அது. அதைக் காட்டி இன்னொருத்தியின் சம்பளத்தைக் குறைப்பது உங்களுக்கும் மரியாதை இல்லை. சேவை என்று சொல்லிச் சொல்லியே நர்ஸுகளிடம் நிறைய வாங்கிவிட்டார்கள். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. வந்தவரை விடாமல் தொடர்ந்து பார்ப்பது. எண்ணுவது. எண்ணியதில் யார் விடுபட்டார்கள் என்று தேடுவது. எட்டு மணி நேர வேலைக்குள்ளேயே இதையெல்லாம் செய்யலாம். அதற்கு மேல் வேண்டியதெல்லாம் பிடிவாதம்தான்.

அடுத்த வாரம் ஜமுனாமரத்தூர் பக்கம், ஜவ்வாது மலையில் கேம்ப் போடுகிறோம். மலை மேல் பாதிப் பெண்களாவது இந்தப் பரிசோதனை என்னவென்றே கேள்விப்படாதவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கரண்ட்டை நம்ப முடியாது, பேட்டரி டார்ச் இரண்டாக எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்கிரீன் இல்லாத இடத்தில் கட்டுவதற்குப் பழைய சேலைகளை அக்கா துவைத்து மடித்துத் தருகிறேன் என்றார். அவரும் வருகிறார். நோட்டில் புதுப் பக்கம் கோடு போட்டு வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
ஒரு நர்ஸ்