கொக்கைன் பழக்கத்தால் நோயுற்றோர் வழக்குப் பயமின்றிச் சிகிச்சை பெற ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
பாதிக்கப்பட்டவரின் அக்காள்,
பாளையங்கோட்டை வட்டம்.
(தம்பியின் எதிர்காலம் கருதி, பெயரையும் முகவரியையும் தனி உறையில் வைத்து இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: மக்கள் குறைதீர்க்கும் நாள் மனு – அரசு மருத்துவமனைகளில் போதை நோயாளிகளைத் தனியே விசாரித்துச் சிகிச்சை அளித்தல் – சட்டப் பாதுகாப்பைத் தமிழில் அறிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெங்களூருவில் நல்ல சம்பளத்தில் இருந்த என் தம்பி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அவனுக்குச் சில வருடங்களாகவே கொக்கைன் பழக்கம் இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குடித்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். கஞ்சாவும் அப்படித்தான். இதுவோ மூக்கில் உறிஞ்சும் வெள்ளைப் பொடி. வாடையும் கிடையாது, தள்ளாட்டமும் கிடையாது.

ஆனித் தேரோட்டத்துக்கு வந்திருந்த சமயம் அவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. "சில்லு மூக்கு உடைஞ்சிருக்கு, எல்லாம் சூடுதான்" என்று ஆச்சி உச்சந்தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். எந்நேரமும் மூக்கை உறிஞ்சியதற்கு சைனஸ் என்றோம். உடம்பு மெலிந்ததற்கு மெஸ் சாப்பாட்டைத் திட்டினோம். தூங்காததற்கு நைட் ஷிஃப்ட் காரணமானது. பிறகு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு நாசியில் லைட் அடித்து, மறு நாசி வழியே வெளிச்சம் தெரிவதை எனக்குக் காட்டினார். நடுச்சுவரில் ஓட்டை. இந்தப் பொடி ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ரத்தம் போகாத சவ்வும் குருத்தெலும்பும் மெல்லச் செத்துப்போகும் என்றார்.

மூக்குக் குழாயைச் சுருக்குவது இதயக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா? முப்பது வயதுகூட ஆகாத பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன பழக்கம் உண்டு என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும், அப்பா பக்கத்தில் நிற்கும்போது அவன் சொல்லியிருக்க மாட்டான். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நெஞ்சுவலிக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை, கொக்கைன் எடுத்தவருக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். உண்மை தெரியாவிட்டால் வைத்தியமே தப்பாகிவிடலாம். கூடவே மதுவும் குடித்திருந்தால் இரண்டும் கல்லீரலில் சேர்ந்து கோக்காஎத்திலீன் என்ற வேறொரு பொருளாகிறது. இதயத்துக்கு அது இன்னும் கேடு. மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு ஆகிய மூன்றும் இந்தப் பழக்கத்தால் இளவயதிலேயே வரக்கூடியவை.

மனநிலை கெட்டதுதான் எங்களை உலுக்கியது. "அக்கா, தோலுக்குள்ள என்னமோ ஊருதுக்கா" என்று ஊக்கால் முன்கையைக் குத்திக் குத்திப் பார்ப்பான். பால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போலீஸ் என்று சொல்லி ஜன்னலைச் சாத்துவான். சுடலைமாடன் கோயிலில் குறி கேட்கச் சொன்னார் சித்தப்பா ஒருவர். பூச்சி ஊர்வதுபோல் தோன்றுவதும், எல்லோர்மேலும் சந்தேகம் வருவதும் நாள்பட்ட கொக்கைன் பழக்கத்தின் தெரிந்த அறிகுறிகள் என்று மனநல மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

பொடி நின்றதும் கை நடுக்கமோ வாந்தியோ இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், பகலெல்லாம் தூங்கினான். பிள்ளை திருந்திவிட்டான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்த அந்த நாட்களில்தான் அவன் சாக நினைத்திருக்கிறான். நிறுத்திய பின் வரும் இந்த மனச்சோர்வைக் குடும்பங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கொக்கைன் பணக்காரர் சமாச்சாரம், நம்மூரில் ஏது என்று சிலர் சொல்லலாம். பக்கத்துத் தூத்துக்குடி துறைமுகத்தில் 2021 ஏப்ரலில் 300 கிலோவுக்கு மேல் பிடிபட்டதை அவர்கள் மறந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் ஊர்களிலெல்லாம் அது கிடைக்கிறது. நோயோடு அவர்கள் திரும்பி வருவது நம் வீட்டுக்குத்தான்.

நாங்கள் சிகிச்சைக்குப் போகத் தாமதித்ததற்குக் காரணம் பயம். ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும் என்றார்கள் உறவினர்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருப்பது அப்போது தெரியாது. போதைக்கு அடிமையானவர் உபயோகித்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால் அவர்மேல் வழக்கு நடத்தப்படாது என்கிறது அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்பவனுக்கு இது பொருந்தாது, பொருந்தவும் கூடாது.

ஆகவே, இந்த விவரத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஐகிரவுண்டு மருத்துவமனையிலும் (பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வட்ட அரசு மருத்துவமனைகளிலும் ஓ.பி. சீட்டு தரும் இடத்திலேயே வைக்க உத்தரவிட வேண்டுகிறேன். பேருந்து நிலையத் தட்டிகளில் மண்டையோட்டுப் படத்தைப் பார்த்து எந்தத் தாயும் தன் மகனை நினைப்பதில்லை. அந்த இடத்தில் அறிகுறிகளையும் 14446 என்ற உதவி எண்ணையும் எழுதலாம். காரணம் தெரியாத நெஞ்சுவலி, வலிப்பு, ஓயாத மூக்கு ரத்தம் என்று வரும் இளைஞர்களை, உறவினர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக விசாரிக்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

கொக்கைன் அடிமைத்தனத்தைத் தீர்க்க என்று ஒப்புதல் பெற்ற தனி மருந்து இன்றுவரை கிடையாது. மாதக்கணக்கில் தொடரும் உளவியல் ஆலோசனைதான் வழி. அதற்கு ராதாபுரத்திலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வாராவாரம் பாளையங்கோட்டைக்கு வந்துபோவது கூலிக்குப் போகிறவர்களுக்கு ஆகாத காரியம். அம்பாசமுத்திரம், வள்ளியூர் அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது உளவியல் ஆலோசகர் இருக்கும்படி செய்து தர வேண்டும். போதைப்பொருள் தடுப்புக்குத் தங்கள் தலைமையில் கூடும் மாவட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இம்மனுவை வைத்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம் தனி உறையில்)

நகல்:
முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருநெல்வேலி.
இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், திருநெல்வேலி.