‘செட்’ மாத்திரையும் இரைப்பைப் புண்ணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டுவலி என்று மெடிக்கலில் போய் நின்றால் சீட்டுக்கூடக் கேட்காமல் ‘ரெண்டு வேளைக்கு செட்’ கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள் ஒரு காகிதக் கவரில். கவர்மேல் பேனாவால் ‘கா – இ, சாப்பாட்டுக்குப் பின்’. உள்ளே பெரும்பாலும் டைக்ளோஃபினாக் 50 மி.கி. அல்லது அசிக்ளோஃபினாக் 100 மி.கி., ஒரு பாராசிட்டமால், கேஸுக்கு ரானிடிடின். சில செட்டுகளில் மிளகளவு பொடி மாத்திரை ஒன்றும் கிடக்கும். அது டெக்ஸாமெத்தசோன் மாதிரியான ஸ்டீராய்டு. ஒரே வேளையில் வலி பறந்துபோவதற்கு அதுதான் காரணம். ஆனால் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியும் வாய்ப்பு மிகவும் கூடிவிடும்.

‘சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறோம்’ என்பார்கள். சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இரைப்பைச் சுவரில் வழவழப்பான சளிப் படலத்தைச் சுரக்க வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். சுவருக்கு ரத்த ஓட்டத்தைக் காப்பதும் அதுவே. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கப் போன மாத்திரை, காவலுக்கு இருப்பதையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. இது ரத்தத்தில் கலந்து நடக்கிற வேலை. அதனால் ஊசியாகப் போட்டாலும், குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரையாக விழுங்கினாலும் இரைப்பை தப்பாது.

அந்த ரானிடிடினை நம்பியும் பயனில்லை. வழக்கமான 150 மி.கி. அளவு முன்சிறுகுடல் புண்ணைத் தடுக்கும். இந்த மாத்திரைகளால் அதிகம் வருகிற இரைப்பைப் புண்ணைத் தடுக்காது. நெஞ்செரிச்சல் அடங்கிவிடுவதால் ‘ஒத்துக்கொள்கிறது’ என்று நினைத்து மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். உண்மையில் பாதுகாப்பு வேண்டியவர்களுக்கு ஒமிப்ரசோல் 20 மி.கி. போன்றதை மருத்துவர் எழுதுவார். அதைக் காலையில் உணவுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். அதுவும் கீழ்ச் சிறுகுடலைக் காப்பாற்றாது.

65 வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறவர்கள், தினமும் குடிப்பவர்கள், இவர்கள் செட் பக்கமே போகக் கூடாது. ஆஸ்பிரினுக்கு முன்னால் ஐபுபுரூஃபன் போட்டால் இன்னொரு தொல்லை: இதயத்துக்கு ஆஸ்பிரின் செய்கிற வேலையையே அது கெடுத்துவிடும்.

புண் வந்தால் வலிக்குமே என்று காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரை அந்த வலியையும் மறைத்துவிடும். பலருக்கு முதல் அறிகுறியே தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு மலம் போவதுதான். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் இந்தப் பிசுக்கும் நாற்றமும் இருக்காது.) காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முழங்கால் வலிக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதமே. காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டுகளும் அட்டவணை ‘எச்’ மருந்துகள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளர்கள் கடைகளுக்குப் போகும்போது குளிர்பெட்டியையும் பில் புத்தகத்தையும் பார்ப்பதோடு, கல்லாவுக்குப் பக்கத்தில் கத்தரித்த மாத்திரைகள் கிடக்கும் டப்பாக்களையும் திறந்து பார்க்கட்டும். உதிரியாகக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் மி.கி. அளவையும் கவர்மேல் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ரத்த வாந்தியோடு நள்ளிரவில் வருகிறவரிடம் ‘என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்கிற டாக்டருக்கு, ‘மஞ்சளா ஒண்ணு, வெள்ளையா ரெண்டு’ என்ற பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

– மருந்தாளுநர் ஒருவர், திண்டுக்கல்