நுழைவாயில் பலகையும் ஆலயக் கணக்கும்

ஆசிரியருக்கு,

ராயபுரத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஓர் ஆலய நுழைவாயிலில், திருச்சபையின் நோக்கத்தையும் அடிப்படை விழுமியங்களையும் எழுதிய பலகையைக் கண்டேன், வரவேற்கத்தக்க செயல். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்னும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ மரபுகளைச் சேர்ந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை, எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற இயேசுவின் ஜெபத்தையே தன் குறிக்கோளாகக் கொண்டது. அந்த ஒருமை, காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணும் வியாசர்பாடியின் தூய்மைப் பணியாளரும் சேகரக் கமிட்டியில் (ஆலய நிர்வாகக் குழுவில்) சமமாக அமர்வதிலும், சாதி பாராமல் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதிலும்தான் வெளிப்படும். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் கமிட்டித் தேர்தலில் அணி பிரிவது பொருந்தவில்லை. ஆண்டு வரவு செலவுக் கணக்கையும், அதில் ஏழைகளுக்குச் செலவிட்ட தொகையையும் அதே பலகையின் அருகில் ஒட்டிவைக்க நிர்வாகிகள் முன்வர வேண்டும்.

– வாசகர், தண்டையார்பேட்டை