அந்த ஐந்து நட்சத்திரம் எந்தக் காருக்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் பகுதி இளைஞர்கள் கார்களை மாற்றி அமைப்பதைப் பற்றி நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக வந்திருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: "ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்பதால் பவரைக் கூட்டினாலும் பாதுகாப்புக்குக் கவலையில்லை." இதைப் பேட்டி கொடுத்த பையன் சொல்லியிருந்தால் வயசு அப்படி என்று விட்டிருப்பேன். தங்கள் நிருபரே தம் வார்த்தையாக எழுதியிருக்கிறார். நான் காரைக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். இடித்து நசுங்கிய வண்டிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் தொழில். அந்த வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

புதுக் கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், பக்கவாட்டில் 50, கம்பத்தில் மோதவிடுவது 29. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார், இந்த வேகங்களில் உள்ளே இருப்பவர்களை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்குத்தான் நட்சத்திரம். அதற்கு மேல் போகும் வேகத்துக்கு அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 64க்குத் தாங்கிய காரின் கூடு 100ல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடி வாங்கும். காரைக்குடியைத் தாண்டித் திருமயம் ரோட்டில் ஏறிவிட்டால் 100 என்பது இன்று சாதாரண வேகம். ரீமேப் செய்த, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றிப் பவரைக் கூட்டிய, டர்போ டீசல் கார் அதை எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்பதையும் தங்கள் கட்டுரை பெருமையாகவே எழுதியிருந்தது. பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பவரைக் கூட்டுகிறவர்கள் அதோடு நிற்பதும் இல்லை. வண்டி தாழ்ந்து தெரிய வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். பம்பர் உயரம் குறைந்தால், முன்னால் நிற்கும் லாரியின் அடியில் கார் நுழைவது இன்னும் சுலபம். டயர் அளவை மாற்றுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி எல்லாம் கம்பெனி போட்ட டயரை வைத்துக் கணக்குப் போடுபவை. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருக்கும் வண்டியில் கெட்டித் தோல் கவரை இறுக்கித் தைத்து அதன் வாயை அடைக்கிறார்கள். முன்னால் பம்பருக்கு மேல் புல் பார் என்ற இரும்புக் கம்பித் தடுப்பை மாட்டுகிறார்கள். மோதலின் அடியை நசுங்கி வாங்க வேண்டிய பகுதியைத் தாண்டி அது நேராக வண்டியின் அடிச்சட்டத்துக்கு அனுப்பும், ஏர்பேக் சென்சாரையும் ஏமாற்றும். இதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு புல் பார்களின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இன்றைக்கும் பாதி வண்டிகளில் இருக்கிறது.

என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்ப் பையன். வெளியூரில் ஒரு கடையில் ரீமேப், அப்புறம் கையடக்கமாக ஒரு ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங். ஆட்டுக்கிடை குறுக்கே வந்திருக்கிறது, ஸ்டியரிங்கை ஒடித்ததில் புளியமரத்தில் மோதல். பெல்ட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது, தாடை உடைந்துவிட்டது. வண்டியைப் பார்க்க வந்த அவன் அப்பா என்னிடம், "அண்ணே, அஞ்சு ஸ்டார் வண்டின்னுதானே வாங்கிக் கொடுத்தேன், ஏர்பேக் ஏன் விரியல?" என்று கேட்டார். ஏர்பேக் இருந்தது கம்பெனி ஸ்டியரிங்குக்குள். அதைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார்கள். பெற்றவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எப்படி இருக்கும் என்று தங்கள் நிருபரை ஒரு நாள் என் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தயக் காரில் ஏர்பேக் இல்லையே என்று அந்தக் கட்டுரையில் ஒருவர் கேட்டிருந்தார். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை காரி ஸ்பீட்வேயிலோ ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, பல பட்டை பெல்ட்டில் உடம்பைக் கட்டி, இரும்புக் கூட்டுக்குள் உட்காருகிறார். எதிரில் டவுன் பஸ் வராது. வேகம் பிடித்தவர்கள் அங்கே ஓட்டட்டும், நானே போய்க் கைதட்டுவேன். அதே இரும்புக் கூட்டை ரோட்டுக் காரில் மாட்டி, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் முதலில் மோதுவது தலைதான்.

ஆசிரியர் அவர்களே, மன வருத்தம் இந்த ஒரு கட்டுரையோடு முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பழைய கார்களைப் பற்றி முன்பு ஒரு சிறப்பிதழ் போட்டீர்கள். "அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி தகரம்" என்று தலைப்பு. அமெரிக்காவில் 2009ல் ஒரு 1959 பெல் ஏர் காரையும் ஒரு 2009 மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். அதுவும் இதே 64 கிலோமீட்டர் வேகம்தான். இரும்பு என்று நாம் சொல்லும் பழைய காரின் ஓட்டுநர் இடம் சுருண்டுபோனது, புதிய காரில் ஓட்டுநருக்குப் பதில் உட்காரவைத்த சோதனைப் பொம்மைக்குக் காலில் அடிபட்டதோடு சரி. முன்பக்கம் நசுங்கி அடியை வாங்குவதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். இதைக் கடிதமாக எழுதினேன். வெளியிடவில்லை.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோது தங்கள் தலையங்கம் முழுவதும் விதி என்றே எழுதியது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்ற ஒரு சொல் அதில் இல்லை. அதற்கும் எழுதினேன், அதுவும் வரவில்லை. கல்யாணப் படம் என்று சன்ரூஃபில் குழந்தையை நிற்கவைத்த படத்தை அட்டையில் போட்டீர்கள். இவ்வளவுக்கும் தங்கள் இதழைச் சந்தா கட்டித்தான் வாங்குகிறேன், பட்டறைப் பையன்களும் படிக்கிறார்கள். அவர்கள் படிப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அந்த நான்கு பக்கத்தில் இதற்கு ஓர் ஓரம் கூடக் கிடைக்கவில்லையா? காசு செலவழிக்க ஆசைப்படும் பையன்களுக்கு நல்ல டயரும் நல்ல பிரேக் பேடும் வாங்கு என்று சொல்லியிருக்கலாமே.

தை பிறந்தால் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடப்பவர்கள் இரவெல்லாம் ரோட்டு ஓரத்தில்தான் போவார்கள். வண்டிக்குள் இருப்பவருக்காவது பெல்ட் இருக்கிறது, அவர்களுக்கு என்ன இருக்கிறது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், அந்த நட்சத்திரம் மாற்றம் செய்யாத காருக்கு மட்டும்தான் என்று ஒரு திருத்தம் போடுங்கள். சோதனை நடந்த வேகங்களையும் சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தை முழுவதும் போட இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை, திருத்தம் வந்தால் போதும்.

தங்கள் வாசகன்,
டிங்கரிங் பட்டறை உரிமையாளர்,
காரைக்குடி