தங்க ரேக்கு ஒட்டச் சொன்னார்கள்

கும்பகோணம்

அன்புள்ள மங்கைக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம் என்று நம் ஓவிய நண்பன் சோடாபுட்டி சொன்னான். விசாரிப்பை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன், இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

சென்னைக் கலைக்கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மதகையும் சேற்றையும் வரைந்த என் படங்கள் அவர்களுடைய இப்போதைய காட்சித் திட்டத்துக்குப் பொருந்தவில்லையாம். அதோடு விட்டிருந்தால் நான் வருந்தியிருப்பேனே தவிர, கோபப்பட்டிருக்க மாட்டேன். ஒரு கலைக்கூடம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஓவியர்களுக்கே முறை வைத்துக் காட்சி நடத்தும்போது, புதிதாக ஒருத்தியை ஏற்பது அதற்கு எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். விற்ற விலையில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வதைப் பற்றிக்கூட, வாடகையும் விளக்கும் வாங்குவோர் தொடர்பும் அவர்களுடையவை என்பதால், நான் குறை சொல்வதில்லை. என்னை உறுத்துவது பிறகு தொலைபேசியில் நடந்த பேச்சு. பொறுப்பாளர் மிக மரியாதையாகத்தான் பேசினார். "தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் நீங்கள். மதகையும் சேற்றையும் யார் வாங்கிக் கூடத்தில் மாட்டுவார்கள்? தங்க ரேக்கு ஒட்டி, கிருஷ்ணரோ கோபுரமோ செய்து அனுப்புங்கள், உடனே பார்க்கலாம்" என்றார்.

மங்கை, தஞ்சாவூர் ஓவியத்தின் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பிசினில் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, மெல்லிய தங்கத் தகடான ரேக்கை ஒட்டுகிற அந்தக் கையின் நிதானத்தைச் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிறு வயதிலிருந்தே பார்த்தவள் நான். ஆனால் அது அவர்கள் பயின்ற தொழில், நான் பயின்றது வேறு. அதைவிட முக்கியமாக, தஞ்சை என்றாலே தங்கம்தான் என்று யார் தீர்மானித்தது? பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்து, 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களை நினைத்துப் பார். காவி, மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை, கருப்பு என்று பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த நிறங்கள் அவை. மராட்டியர் அரண்மனையை ஒட்டி ரேக்கு ஓவியம் செழிப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் மண்ணைக் கொண்டு வரைந்திருக்கிறது. தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தை வரைந்த என் 'கடைமடை' வரிசையை நீ இன்னும் நேரில் பார்க்கவில்லை. அரசலாற்று வண்டலைக் கரைத்து, மல்துணியில் வடிகட்டி, வேப்பம்பிசினில் குழைத்துப் பூசுகிறேன். தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிர்ந்துவிடும் என்பதால், ஒரு பூச்சு முற்றிலும் உலர்ந்த பிறகே அடுத்ததை இடுகிறேன். மதகின் ஷட்டருக்கு மட்டும் அந்த ஷட்டரிலேயே சுரண்டிய துருவை அரைத்துச் சேர்க்கிறேன். காவிக்கும் துருவுக்கும் இரும்பே மூலம் என்பதால் நிறம் அப்படியே அமர்ந்துகொள்கிறது. எங்கள் வாய்க்காலின் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வந்து பார்த்துவிட்டு, திருகுத்தண்டில் இரண்டு பல் தேய்ந்திருப்பதைக்கூட வரைந்திருக்கிறாயே என்று கேட்டார். அவர் அந்தப் படத்தின் முன் நின்ற நேரம், இத்தனை மறுப்புக் கடிதங்களுக்குப் பிறகும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

தங்கத்தை வேறு பெயரில் செய், மண்ணை உன் பெயரில் செய் என்கிறான் சோடாபுட்டி. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் அப்படித்தான் பிழைக்கிறான், அதில் தவறு ஏதும் இல்லை. நானும் இரண்டு இரவுகள் தூங்காமல் யோசித்தேன். 1863இல் பாரிசில் தேர்வுக் குழு தள்ளிய படங்களுக்கென்று தனிக் காட்சி வைத்தார்களே, பிரெஞ்சு ஓவியர் மானே அங்கேதான் கேலிக்கு ஆளானார் என்று சார் வகுப்பில் சொல்லித் தேற்றுவார். அந்தக் கதை இப்போது என்னைத் தேற்றவில்லை. அந்தச் சுவர்களில் மானேவுக்குப் பக்கத்தில் தொங்கியவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? தள்ளப்பட்டதாலேயே ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. என் நம்பிக்கைக்கு அதைவிட அருகில் இருப்பது சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் குடியேறியபோது, துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக்கும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, ஓவியத்தை மட்டும் வாங்குவோர் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள். சோடாபுட்டி சொல்வதும் இதுவும் ஒன்று போலத் தோன்றினாலும், அவர்கள் எதையும் வேறு பெயருக்குப் பின்னால் மறைக்கவில்லை. நானும் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பேன், கல்யாண வீட்டுக்குக் கோலப் பலகை எழுதுவேன், ரேக்கு ஒட்ட மாட்டேன்.

வேறு ஊர்க் கலைக்கூடங்களுக்கும் தொடர்ந்து அனுப்பத்தான் போகிறேன். ஆனால் இனி அவர்கள் என்ன வகைப் படங்களை மாட்டுகிறார்கள் என்பதை நேரில் போய்ப் பார்த்த பிறகே அனுப்புவேன். சுவருக்கு நாள் வாடகை கேட்டவர்களுக்கு அனுப்ப மாட்டேன். அவர்கள் ஓவியரை ஏற்பவர்கள் அல்லர், இடம் விடுபவர்கள். அந்தப் பணத்துக்குச் சென்னை கிரீம்ஸ் சாலையில் அரசின் லலித் கலா அகாதெமியின் கூடத்தையே கேட்டுப் பெறலாம்.

அதற்கு முன் இங்கே ஒரு காட்சி வைக்க வேண்டும். மாமாவின் பழைய அரிசி ஆலை சும்மாதான் கிடக்கிறது, உயரமான சுவர், வடக்கு வெளிச்சம். வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றுவிடும் வேலை தொடங்குவதற்குள், ஊர்க்காரர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உன் கரிக்கோல் படங்களையும் மாட்டப் போகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தபடி அவற்றை நீ பீரோவின் மேல் கட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியும், இனி சாக்குச் சொல்லாதே. சட்டம் போடும் ஆசாரி இப்போதே மரம் வாங்க வேண்டும் என்கிறார். ஆகவே ஒவ்வொரு படத்தின் நீள அகலத்தையும் இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பு.

அன்புடன்,
செல்வி